பர்பனுக்கு வரிச் சலுகை, பனங்கள்ளுக்கு வழக்கு: செஞ்சி சாலையில் தெரியும் இரண்டு நியாயம்

பெங்களூருவிலிருந்து வார இறுதிக்குப் புதுச்சேரி கிளம்பும் கார்களில் நிறைய, செஞ்சியைத் தாண்டித்தான் போகும். கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம்... தேசிய நெடுஞ்சாலை 77. திருவண்ணாமலையை விட்டு முக்கால் மணி நேரம் ஓட்டினால் ஒரு பக்கம் ராஜகிரி, மறுபக்கம் கிருஷ்ணகிரி, நடுவே சாலை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த 12 மராத்தியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருக்கும் ஒரே கோட்டை இது. வண்டியை ஓரங்கட்டி ஒரு செல்ஃபி, ரோட்டோரத்தில் நுங்கு, சீசன் இருந்தால் பதநீர். அப்புறம் மறுபடி கிளம்பல்.

இந்தச் சாலையின் இரண்டு முனைகளையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு முனையில் இந்தியாவின் முதல் சிங்கிள் மால்ட் விஸ்கியை உலகச் சந்தைக்குக் கொண்டுபோன பெங்களூரு. மறுமுனையில், சாராயக்கடையும் கள்ளுக்கடையும் சட்டப்படி நடக்கும், பாட்டில் விலை குறைந்த புதுச்சேரி. நடுவில் செஞ்சி. இங்கே வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் பனை நிற்கிறது. அதன் பாளையைச் சீவிக் கள் இறக்கினால் போலீஸ் வரும்.

ஒரு பக்கம் விஸ்கியை ருசித்து, குறிப்பெழுதி, பாட்டில் சேர்ப்பது இன்றைய இளைஞர்களிடம் ஒரு கௌரவமான பொழுதுபோக்காக வளர்ந்திருக்கிறது. இன்னொரு பக்கம், அதே அளவு நாக்கு நுணுக்கம் தேவைப்படும் ஒரு தொழில் குற்றப்பட்டியலில் கிடக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க செஞ்சியை விடப் பொருத்தமான இடம் கிடையாது.

குடிக்கிறதுக்கும் ருசிக்கிறதுக்கும் என்ன வித்தியாசம்?

'கட்டிங்' போடுகிறவருக்கு ருசி ஒரு விஷயமே இல்லை. குவார்ட்டரை இரண்டாகப் பிரித்து, தண்ணீர் பாக்கெட் கிழித்து, ஒரே மூச்சில் உள்ளே. விஸ்கி ரசிகர்கள் இதற்கு நேரெதிர். கீழே அகலமாகவும் வாய் குறுகலாகவும் இருக்கும் கிளென்கெய்ர்ன் கிளாஸ் வேண்டும். முதலில் மூக்கு, பிறகுதான் நாக்கு. வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு மணம் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் ஆல்கஹால் நெடி மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். அடுத்து சில சொட்டுத் தண்ணீர். அதற்குப் பிறகுதான் வெனிலா, காரமல், பட்டை, காய்ந்த திராட்சை என்று குறிப்பு நோட்டில் ஏறும்.

இது வெறும் சீன் போடுறது என்று ஒதுக்கிவிட முடியாது. அந்த வெனிலா மணம் உண்மையாகவே அங்கே இருக்கிறது. ஓக் மரப் பீப்பாயின் உட்புறத்தை நெருப்பில் கருக்கும்போது மரத்தில் இருக்கும் லிக்னின் உடைந்து வெனிலின் உண்டாகிறது. கடையில் ஐஸ்கிரீமுக்குப் போடும் வெனிலா எசென்ஸிலும் இருப்பது அதே வெனிலின்தான். அமெரிக்க ஓக்கில் லாக்டோன் என்ற சேர்மம் அதிகம், அதன் மணம் கிட்டத்தட்ட தேங்காய். பர்பன் கிளாஸை முகர்ந்துவிட்டு ஒரு அமெரிக்கர் "தேங்காய்" என்று எழுதினால் அவர் கதை விடவில்லை.

சேகரிப்பு இதன் அடுத்த படி. குடிக்காமல் வைக்கிற பாட்டில். உச்சத்தில் இது ஏலக்கூடச் சமாச்சாரம்: 2023 நவம்பரில் லண்டன் சோத்பீஸ் ஏலத்தில் 1926-ல் வடித்த ஒரு மக்காலன் பாட்டில் சுமார் 22 லட்சம் பவுண்டுக்குப் போனது. நம் கணக்கில் 20 கோடி ரூபாயைத் தாண்டும். அமெரிக்காவில் பேப்பி வான் விங்கிள் என்ற பர்பனுக்குக் குலுக்கல் முறையில்தான் விற்பனை நடக்கும் கடைகள் உண்டு. அந்த பிராண்டை வடிக்கும் ஆலையிலிருந்தே பாட்டில்கள் திருடுபோய், பெரிய போலீஸ் விசாரணை எல்லாம் நடந்தது.

சென்னையில் இருக்கும் சேகரிப்பாளருக்கு வேறு தலைவலி. தனிநபர் வீட்டில் எவ்வளவு மது வைத்துக்கொள்ளலாம் என்பதற்குத் தமிழ்நாட்டில் வரம்பு உண்டு. ஷெல்ஃப் முழுக்க பாட்டில் அடுக்கி இன்ஸ்டாவில் போடுகிறவர்கள் அந்த விதியை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

பெங்களூரு வெயிலும் பேராசை தேவதைகளும்

இந்தியாவில் 'விஸ்கி' என்று விற்பதில் பெரும்பகுதி, கரும்பாலைக் கழிவான மொலாசஸிலிருந்தோ தானியத்திலிருந்தோ எடுத்த மணமற்ற சாராயத்தில் நிறமும் மணமும் சேர்த்தது. மொலாசஸில் செய்ததை விஸ்கி என்ற பெயரில் ஐரோப்பாவில் விற்கவே முடியாது. இந்தப் பின்னணியில்தான் 2004-ல் பெங்களூருவின் அம்ருத் நிறுவனம் ஒரு துணிச்சலான வேலை செய்தது. தன் சிங்கிள் மால்ட்டை இங்கே வெளியிடாமல், ஸ்காட்ச்சின் வீட்டு வாசலான கிளாஸ்கோவில் போய் வெளியிட்டது. பல ஆண்டுகள் கழித்துத்தான் அது சொந்த ஊரில் கிடைத்தது. 2010-ல் ஜிம் மர்ரே என்ற விமர்சகர் தன் விஸ்கி பைபிளில் அம்ருத் ஃபியூஷனை உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்று எழுத, நிலைமை மாறியது. பின்னாலேயே கோவாவின் பால் ஜான், உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர், ஹரியானாவின் இந்த்ரி என்று வரிசை கட்டின.

வெயில் இதில் பெரிய ஆட்டக்காரர். பீப்பாயில் இருக்கும் விஸ்கி மரத்தின் வழியே ஆவியாகிக்கொண்டே இருக்கும். தேவதைகள் குடித்த பங்கு என்று அதற்குப் பெயர். ஸ்காட்லாந்தில் வருடத்துக்கு 2% போகும். பெங்களூருவில் 10%-க்கும் மேல். எட்டு வருடம் ஊறவைத்த அம்ருத்துக்கு 'கிரீடி ஏஞ்சல்ஸ்', அதாவது பேராசைக்கார தேவதைகள், என்று பெயர் வைத்தது இதனால்தான். இழப்பு அதிகம், ஆனால் முதிர்ச்சியும் வேகம். 12 வருட ஸ்காட்ச் தான் உயர்வு என்ற பழைய கணக்கு இந்த ஊர் வெயிலில் உருகிப்போனது.

இங்கேதான் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஒரு இடத்தின் வெயில், தண்ணீர், தானியம், மரம் எல்லாம் சேர்ந்துதான் ஒரு பானத்துக்கு ருசி தருகிறது என்பதை ஏற்றுக்கொண்டால்தான் இந்தப் பொழுதுபோக்கே சாத்தியம். பாட்டிலைத் திறக்கும் ஒவ்வொரு ரசிகரும் அதை நம்பித்தான் காசு கொடுக்கிறார். செஞ்சிப் பனை விஷயத்தில் மட்டும் அந்த நம்பிக்கை எங்கே காணாமல் போகிறது?

சரி, பர்பன்னா என்ன?

சுருக்கமாகச் சொன்னால், சட்டத்தால் வரையறுக்கப்பட்ட ஒரு விஸ்கி. தானியத்தில் குறைந்தது 51% மக்காச்சோளம். உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும், ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய் ஆகாது. வடிக்கும்போது ஆல்கஹால் 80%-ஐத் தாண்டக் கூடாது, பீப்பாய்க்குள் போகும்போது 62.5%-ஐத் தாண்டக் கூடாது, பாட்டிலில் 40%-க்குக் குறையக் கூடாது. நிறமோ மணமோ சேர்க்கக் கூடாது. 1964-ல் அமெரிக்க காங்கிரஸ், பர்பன் அமெரிக்காவுக்கே உரிய பொருள் என்று தீர்மானம் போட்டது. (ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய் என்ன ஆகும்? ஸ்காட்லாந்துக்கும் பெங்களூருவுக்கும் வரும். அம்ருத் முதிர்வது பெரும்பாலும் பர்பன் குடியிருந்த பீப்பாயில்தான்.)

இந்தக் கறார் எல்லாம் ருசி ரசிகர்களுக்காக வந்ததில்லை. கலப்படத்தால் வந்தது. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கச் சந்தையில் விஸ்கி என்று விற்றதில் பெரும்பகுதி புகையிலைச் சாறும் அயோடினும் கலந்து நிறம் ஏற்றிய சாராயம். 1897-ல் 'பாட்டில்டு இன் பாண்ட்' சட்டம் வந்தது: ஒரே ஆலை, ஒரே சீசன், அரசு பூட்டுப் போட்ட கிடங்கில் குறைந்தது 4 வருடம், 50% ஆல்கஹால், மூடியில் அரசு முத்திரை. 1909-ல் அதிபர் டாஃப்ட்டே உட்கார்ந்து 'விஸ்கி என்றால் என்ன' என்று முடிவு எழுத வேண்டியிருந்தது. இன்று சேகரிப்பாளர்கள் தேடித்தேடி வாங்கும் 'பாண்டட்' பாட்டில், பிறப்பில் ஒரு உணவுப் பாதுகாப்பு நடவடிக்கை.

அதே அமெரிக்கா தடையையும் போட்டுப் பார்த்தது. 1920 முதல் 1933 வரை. டாக்டர் சீட்டுக்கு 'மருந்து விஸ்கி' விற்க ஆறு நிறுவனங்களுக்கு மட்டும் அனுமதி. மற்றவர்கள் தொழிற்சாலைச் சாராயத்தைத் திருப்பி வடித்துக் குடித்தார்கள். அதைக் குடிக்க முடியாமல் செய்ய அரசாங்கம் மெத்தனாலின் அளவைக் கூட்டியது. 1926 கிறிஸ்துமஸ் நேரத்தில் நியூயார்க் ஆஸ்பத்திரிகளில் கண் பார்வை போனவர்களும் பிணங்களும் வந்து சேர்ந்தன.

மெத்தனால், கண் பார்வை, பிணங்கள். விழுப்புரம் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த மூன்று சொற்களையும் யாரும் விளக்க வேண்டியதில்லை.

எக்கியார்குப்பம், கருணாபுரம்

2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சாவு. இரண்டும் சேர்த்து 20-க்கும் மேற்பட்டோர். மரக்காணமும் செஞ்சியும் ஒரே மாவட்டம். அடுத்த வருடம் ஜூனில் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் கருணாபுரம், 60-க்கும் மேற்பட்ட உயிர்கள். இரண்டு இடத்திலும் காரணம் மெத்தனால். அரசு மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, ஆயுள் தண்டனை வரை கொண்டுவந்தது, இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் கொடுத்தது.

டாஸ்மாக் இல்லாததால் யாரும் அதைக் குடிக்கவில்லை. கடை இருந்தது. பாக்கெட் சாராயம் அதைவிட மலிவாக இருந்தது, அவ்வளவுதான். கூலி வேலை முடித்து வரும் ஆளின் கையில் இருக்கும் காசுக்கும் டாஸ்மாக் குவார்ட்டருக்கும் நடுவே ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில்தான் மெத்தனால் நுழைந்தது. முன்பு அந்த இடத்தில் கள் இருந்தது.

1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கள்ளுக்கும் சாராயத்துக்கும் கதவு திறந்தது. 1987 தொடக்கத்தில் அதே ஆட்சியில் மூடியது. 1983-ல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கிய டாஸ்மாக், 2003 நவம்பர் முதல் சில்லறைக் கடைகளையும் தன் கைக்குள் கொண்டுவந்தது. 2024-25-ல் அதன் வழியே அரசுக்கு வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். சாராயத் தடையும் டாஸ்மாக்கும் ஒரே மாநிலத்தில் நிம்மதியாகக் குடித்தனம் நடத்துகின்றன. 42.8% ஆல்கஹால் உள்ள பாட்டிலை அரசே விற்கும், 5% பக்கம் இருக்கும் கள்ளை இறக்கினால் அரசே வழக்குப் போடும். இந்த முரணை டீக்கடையில் எல்லோரும் பேசியாகிவிட்டது, இங்கே நீட்ட வேண்டாம்.

பேசாத முரண் வேறு. 2025 பிப்ரவரி 13 அன்று, பிரதமர் மோடி வாஷிங்டனில் இருந்த நேரம், பர்பனுக்கான இறக்குமதி வரியை மத்திய அரசு 150%-லிருந்து 100%-ஆகக் குறைத்தது. அடிப்படைச் சுங்கம் 50, வேளாண் உள்கட்டமைப்பு வரி 50. அதே ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தான ஒப்பந்தம், ஸ்காட்ச்சுக்கு முதலில் 75%, பத்து வருடத்தில் 40% என்று இறங்க வழி செய்தது. கென்டக்கியில் மக்காச்சோளம் விளைவிக்கும் விவசாயியின் வாழ்வாதாரம் ஒரு நாட்டின் வெளியுறவுப் பேச்சுவார்த்தையில் இடம்பிடிக்கிறது. செஞ்சியில் பனையேறும் ஆளின் வாழ்வாதாரம் உள்ளூர் காவல் நிலையத்தைத் தாண்டவில்லை. மது மாநிலப் பட்டியலில் இருக்கிறது, சுங்கம் மத்திய அரசிடம் இருக்கிறது, எனவே இரண்டையும் ஒப்பிடக் கூடாது என்று சட்டம் படித்தவர்கள் சொல்லலாம். சட்டப்படி சரிதான். மரமேறுகிறவருக்கு அதனால் என்ன பயன்?

பனையேறியின் நாக்கு

கள்ளைப் பற்றி நகரத்தில் ஒரே சித்திரம்தான்: வெள்ளையாக, நுரையாக, புளிப்பு நாற்றத்துடன் ஒரு திரவம். விஸ்கி ரசிகர் ஒருவர் உட்கார்ந்து கேட்டால் அசந்துபோவார்.

ஆண்பனையின் பாளையும் பெண்பனையின் பாளையும் ஒரே மாதிரி சுரப்பதில்லை. பாளையை நசுக்கிப் பதப்படுத்த வேண்டும், தினமும் மெல்லிய சீவல் சீவ வேண்டும். அந்தச் சீவல் கொஞ்சம் தடித்தால் பாளை வீணாகும், மெலிந்தால் சுரப்பு நிற்கும். காலையும் மாலையும் ஏறி இறங்க வேண்டும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் ஈஸ்ட் வேலை செய்யாது, இறங்குவது பதநீர். தடவாவிட்டால் காற்றில் இருக்கும் ஈஸ்ட்டே வந்து உட்கார்ந்து, மரத்தின் மேலேயே புளிக்கத் தொடங்கும். விடிகாலையில் இறக்கியது இனிப்பு. உச்சி வெயிலில் அதே கள்ளுக்குப் புளிப்பும் காரமும் ஏறும். மறுநாள் அது காடி. ஒரே மரத்தின் ஒரே கலயத்தில் ஒரு நாளைக்குள் இவ்வளவு மாற்றம். விஸ்கிக்கு வருடங்கள் செய்யும் வேலையை இங்கே சில மணி நேரம் செய்கிறது.

இந்த நுணுக்கம் ஒரு புத்தகத்திலும் முழுசாக இல்லை. ஏறத் தெரிந்தவரின் கையிலும் நாக்கிலும் இருக்கிறது. அவர் மகன் சென்னையில் டெலிவரி வண்டி ஓட்டப் போய்விட்டால் அதோடு சரி. கென்டக்கியில் ஒரு 'மாஸ்டர் டிஸ்டிலர்' ஓய்வு பெற்றால் பத்திரிகையில் செய்தி வருகிறது.

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். 2021-ல் வந்த முதல் வேளாண் பட்ஜெட்டில் பனை மேம்பாட்டு இயக்கம் அறிவித்தார்கள்: 76 லட்சம் பனை விதை, ஒரு லட்சம் கன்று, மரத்தை வெட்ட வேண்டுமானால் கலெக்டர் அனுமதி. நல்ல திட்டம். ஆனால் பனை, விதை போட்டதும் காசு தரும் மரம் இல்லை, பலனுக்கு வருவதற்கே பத்து பதினைந்து வருடம் ஆகும். பலன் வரும்போது ஏற ஆள் வேண்டும். பதநீரையும் கருப்பட்டியையும் மட்டும் நம்பி ஏறு என்று சொன்னால் இளைஞர்கள் ஏற மாட்டார்கள், ஏறவும் இல்லை.

செங்கத்து மூங்கில்

பெங்களூருவிலிருந்து வரும் அந்தச் சாலை செங்கம் வழியாக வருகிறது என்று மேலே பார்த்தோம். பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் பாடும் நன்னனின் தலைநகர் செங்கண்மா அந்தச் செங்கம்தான் என்பது அறிஞர்கள் கணிப்பு. அந்தப் பாட்டில், மலைவாசிகள் வரும் கூத்தர்களுக்குக் கொடுக்கும் பானத்தில் ஒன்று, தேனில் செய்து மூங்கில் குழாயில் ஊற்றி முதிரவைத்த தேறல்.

அதாவது, மரத்துக்குள் வைத்தால் பானத்தின் ருசி மாறும் என்பது செஞ்சியிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத் தொலைவில் சங்க காலத்திலேயே தெரிந்திருந்தது. கருக்கிய ஓக் இல்லை, மூங்கில், அவ்வளவே வித்தியாசம். ஔவையும் அதியமானும் பகிர்ந்துகொண்ட கள்ளைப் பற்றி மேடையில் பேசிப் பேசி அலுத்துவிட்டது. இந்த மூங்கில் தேறலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. விஸ்கி குழுக்களில் 'ஏஜிங்' பற்றி மணிக்கணக்கில் விவாதிப்பவர்கள் எடுத்துப் பேச வேண்டிய சங்கதி இது.

பழம்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. சங்கப் பாட்டில் இருக்கிறது என்பதால் ஒரு பொருளுக்கு லைசென்ஸ் கொடுக்க முடியாது. உள்ளூர் பானத்துக்கு ருசி மரபே கிடையாது, அது வெறும் போதை என்ற வாதம் மட்டும் இதன் முன்னால் நிற்காது.

எதிர்வாதம் லேசானது இல்லை

கள் விடுதலை கேட்கும் மேடைகளில் ஒரு பிரச்னை இருக்கிறது: கள் உணவு, கள் மருந்து, கள் குடித்தால் ஒன்றும் ஆகாது என்று அடித்துப் பேசுகிறார்கள். 2025 ஜனவரியில் விக்கிரவாண்டி அருகே பூரிகுடிசையில் நடந்த மாநாட்டில் சீமான் கள் குடித்தார், ஜூனில் தூத்துக்குடி மாவட்டத்தில் பனையே ஏறினார். கேமராவுக்கு நல்ல காட்சி. ஆனால் கள்ளில் இருப்பதும் ஆல்கஹால்தான். பாதுகாப்பான அளவு என்று ஆல்கஹாலுக்கு எதுவும் இல்லை என்று உலக சுகாதார அமைப்பு 2023-ல் சொன்னது கள், பர்பன், ஒயின் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான்.

கலப்படமும் நிஜம். தெலங்கானாவில் கள்ளில் அல்பிரசோலம் மாத்திரைத் தூள் கலப்பது பழைய நோய், 2025 ஜூலையில்கூட ஹைதராபாத் கூகட்பள்ளியில் கலப்படக் கள் குடித்தவர்கள் இறந்தார்கள். மரத்தில் சுரப்பதை விட அதிகமாகக் கடையில் விற்றால், மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கத்தானே செய்வார்கள்? கேரளாவிலும் இந்தக் கேள்வி அடிக்கடி எழுவதுண்டு.

எல்லாவற்றையும் விடக் கனமானது பெண்களின் வாதம். 2024 அக்டோபர் 2 அன்று விடுதலைச் சிறுத்தைகள் உளுந்தூர்பேட்டையில் நடத்திய மது ஒழிப்பு மகளிர் மாநாட்டுக்கு வந்தவர்களுக்கு, வெனிலா மணமா தேங்காய் மணமா என்ற பேச்சு எரிச்சலைத்தான் தரும். சம்பளம் வீடு வந்து சேராத வீட்டில் குடிக்கு 'ரசனை' என்று பெயர் சூட்டுவது கொடுமை. இன்னொரு கடை வேண்டாம் என்று அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 47-வது பிரிவும் அவர்கள் பக்கம்தான் நிற்கிறது.

ஆனால் அந்த நியாயம் டாஸ்மாக் எலைட் கடைக்கும் பொருந்த வேண்டுமே! மாலில் ஏசி போட்டு, கண்ணாடி ஷெல்ஃபில் சிங்கிள் மால்ட் அடுக்கி விற்கும்போது எழாத ஒழுக்கக் கவலை, பனைமரத்தடிக் கலயத்தைப் பார்த்ததும் எழுவது எப்படி? முழு மதுவிலக்கு என்பது ஒரு நேர்மையான நிலைப்பாடு. முழுத் தாராளமும் ஒருவகையில் நேர்மைதான். இப்போது இருப்பது இரண்டும் இல்லை. வாங்க வசதி உள்ளவரின் குடி பொழுதுபோக்கு, ஏறிப் பிழைப்பவரின் கள் குற்றம். இந்த ஏற்பாட்டில் விஸ்கி ரசிகர்களும் வசதியாக ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தடைக்கும் திறப்புக்கும் நடுவில்

மற்ற இடங்களில் என்ன செய்தார்கள் என்று பார்த்தால், நடுவழி இருப்பது தெரியும். கோவாவின் முந்திரி ஃபெனிக்கு 2009-ல் புவிசார் குறியீடு, 2016-ல் மாநிலப் பாரம்பரியப் பானம் என்ற அந்தஸ்து. இன்று மும்பை பார்களில் ஃபெனி காக்டெய்ல் கிடைக்கிறது. மத்தியப் பிரதேசம் பழங்குடிகள் காய்ச்சும் இலுப்பைப்பூ மதுவை 2021-ல் 'ஹெரிட்டேஜ் லிக்கர்' என்று அறிவித்தது. கேரளாவில் கள்ளுக்கடை லைசென்ஸோடு நடக்கிறது, அங்கே போகிறவர்களில் பாதிப் பேர் கப்பைக்கும் மீன்கறிக்கும் போகிறார்கள். யாழ்ப்பாணப் பனங்கள் பாட்டிலில் அடைபட்டுக் கடல் தாண்டிப் போகிறது. செஞ்சிக்காரர் கள் குடிக்க சுமார் 70 கிலோமீட்டர் தாண்டிப் புதுச்சேரி போனால் அது சட்டப்படி சரி.

அமெரிக்காவின் 1897 சட்டத்திலிருந்து இங்கே எடுத்துக்கொள்ள ஏதாவது உண்டு என்றால் அது பீப்பாய் இல்லை, வரையறை. கலப்படம் வந்தபோது அவர்கள் 'உண்மையான பொருள் எது' என்று எழுதிவைத்தார்கள், முத்திரை குத்தினார்கள், மீறினால் பிடித்தார்கள். கள்ளுக்கும் அப்படி எழுதிவைப்பது பெரிய விஞ்ஞானம் இல்லை. இன்ன பதிவு எண் கொண்ட மரத்தில் இறக்கியது, இறக்கிய நேரம் இது, இத்தனை மணி நேரத்துக்குள் விற்க வேண்டும், ஆல்கஹால் இந்த அளவைத் தாண்டக் கூடாது, மாத்திரைத் தூள் இருந்தால் லைசென்ஸ் ரத்து. மரத்தைக் கணக்கெடுத்தால் எவ்வளவு சுரக்கும் என்பது தெரியும், சுரப்பைத் தாண்டி விற்றால் பிடிபடும். கடை வேண்டாம் என்றால், மரத்தடியிலும் பனையேறிகள் கூட்டுறவுச் சங்கத்திலும் மட்டும் என்று வைக்கலாம். தென்னையிலிருந்து புளிக்காத நீரா இறக்க 2017-ல் அரசே விதி எழுதியிருக்கிறது, எனவே எழுதத் தெரியாது என்று சொல்ல முடியாது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் கள் தடையை மறுபரிசீலனை செய்யலாமே என்று அரசிடம் கேட்டது.

இதனால் மெத்தனால் சாவு நின்றுவிடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பாக்கெட் சாராயம் விற்கும் கும்பலை ஒடுக்க வேண்டியது தனி வேலை. கள் இருந்தால் மட்டும் கருணாபுரத்தில் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்வது மேடைப் பேச்சு. ஆனால் கையில் காசு குறைந்தவர் முன்னால் இப்போது இருப்பது இரண்டே வழி: அரசு விற்கும் 42.8%, அல்லது யாரோ விற்கும் என்னவென்றே தெரியாத ஒன்று. மூன்றாவதாக ஒரு 5% இருப்பது நல்லதா கெட்டதா என்ற கேள்வியைக் கூட இன்னும் முறையாக யாரும் விசாரிக்கவில்லை.

விஸ்கி ரசிகர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. எங்கே விளைந்த பார்லி, எந்த ஊர் தண்ணீர், எத்தனை வருடப் பீப்பாய் என்று லேபிளைப் புரட்டிப் புரட்டிப் படிக்கும் பழக்கம் நல்ல பழக்கம். அந்தப் படித்த, ஆங்கிலம் எழுதத் தெரிந்த, மனு போடத் தெரிந்த கூட்டம் கள்ளைப் பற்றி ஒரு வார்த்தை பேசினால் அது சட்டமன்றம் வரை கேட்கும். பனையேறிகள் வருடக்கணக்காகப் பேசியும் கேட்காதது அங்கே கேட்கும் என்பது வருத்தமான உண்மை.

தை பிறந்தால் செஞ்சியைச் சுற்றிப் பாளை சீவும் சீசன் மெல்லத் தொடங்கும். கோட்டைக்கு வரும் கூட்டமும் யுனெஸ்கோ பெயருக்குப் பிறகு கூடும். ராஜகிரி ஏறி இறங்கி, தொண்டை வறண்டு வரும் ஐடி ஊழியருக்கு ரோட்டோரத்தில் பனை ஓலைப் பட்டையில் பதநீர் ஊற்றித் தருவார்கள். கலயத்தில் சுண்ணாம்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தால் நாக்கில் ஒட்டும். ஏன் இவ்வளவு சுண்ணாம்பு என்று அவர் கேட்டால், போலீஸ் முகர்ந்து பார்ப்பாங்க சார் என்று பதில் வரலாம்.